குதிரை, வல்லூறு, ஒரு கோட்டை... சென்னைக்கு இடம் கொடுத்த பூந்தமல்லி நாயக்கர் கேட்டது என்ன?

எங்கள் ஆயாவுக்குச் சென்னை என்பது இன்றைக்கும் 'பட்டணம்'தான். திருமுல்லைவாயலில் எங்கள் வீடு. நான் காலையில் பாரிமுனைக்குக் கிளம்பினால், "பட்டணமா போற கண்ணு? பொழுது சாயறதுக்குள்ள வந்துடு" என்பார். ஏதோ வெளியூருக்குப் போகிற மாதிரி!

ஆயாவைக் குறை சொல்ல முடியாது. மேற்குப் பக்கம் இருக்கும் நம் எல்லோருக்குமே இந்தச் சங்கடம் உண்டு. கல்லூரியில் யாராவது "எந்த ஊரு?" என்று கேட்டால், "சென்னை" என்போம். "சென்னையில எங்க?" என்று அடுத்த கேள்வி வரும். "ஆவடி பக்கம்" என்றதும், "ஓ... அது சென்னையா?" என்று ஓர் இழுவை. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியாகிவிட்டது. பூந்தமல்லி இன்னும் நகராட்சி. ஆனாலும் அந்த இழுவை மட்டும் மாறவில்லை.

இனிமேல் யாராவது அப்படி இழுத்தால் சொல்வதற்கு நம்மிடம் ஒரு பதில் இருக்கிறது. 'நீங்க சொல்ற அந்தப் பட்டணத்துக்கு இடம் கொடுத்ததே எங்க பூந்தமல்லிக்காரர்தான்!'

'நம்ம ஏரியா' பகுதியில் இந்த வாரம், அந்தப் பூந்தமல்லிக்காரரின் கதை.

யார் இந்த ஐயப்ப நாயக்கர்?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 22-ம் தேதி 'மெட்ராஸ் டே' கொண்டாடுகிறோம். 2004-ல் தொடங்கிய வழக்கம் இது. அன்றைக்குப் பேசப்படுவதெல்லாம் புனித ஜார்ஜ் கோட்டை, ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி. 1639-ம் ஆண்டு ஆகஸ்ட் 22-ம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கொடுக்கப்பட்டது, வாங்கியவர் ஃபிரான்சிஸ் டே என்பது வரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். கொடுத்தவர் யார், எங்கே உட்கார்ந்துகொண்டு கொடுத்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அப்போது வடக்கே பழவேற்காட்டில் இருந்து தெற்கே சாந்தோம் வரையிலான கடற்கரை, தாமர்ல குடும்பத்தின் கையில் இருந்தது. குடும்பத்தின் பெரிய பெயர் சென்னப்ப நாயக்கர். அவருடைய மகன்களில் ஒருவரான வேங்கடப்ப நாயக்கர் வந்தவாசியில் இருந்தார். விஜயநகர அரசரின் அவையில் செல்வாக்குள்ளவர். அவருக்காகக் கடற்கரைப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய சகோதரர் ஐயப்ப நாயக்கர். அவர் இருந்த ஊர்தான் பூந்தமல்லி.

நிலம் கொடுத்த ஆவணத்தில் இருப்பது வேங்கடப்ப நாயக்கரின் பெயர். ஆனால் ஃபிரான்சிஸ் டேயை வரவழைத்து, இடத்தைக் காட்டி, பேச்சுவார்த்தையை நகர்த்தியவர் ஐயப்ப நாயக்கர். டேயின் பக்கத்தில் துபாஷியாக நின்றவர் பேரி திம்மப்பா. ஒரு பக்கம் ஆங்கிலம், இன்னொரு பக்கம் தெலுங்கு, சுற்றிலும் தமிழ். நம் நகரம் பிறந்ததே மொழிபெயர்ப்பில்தான்!

மணல் திட்டுக்கு ஆள் தேடியவர்

கொடுக்கப்பட்ட இடம் அன்றைக்கு ஒன்றும் பெரிய சொத்து இல்லை. கடலுக்கும் கூவத்துக்கும் பக்கத்தில் ஒரு மணல் திட்டு. மதராசப்பட்டினம் என்ற சிறிய குப்பம். கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, அலையைத் தாண்டிப் படகில்தான் வர வேண்டும். 'இங்கே போய் யாராவது துறைமுகம் வைப்பார்களா?' என்று பிற்காலத்தில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஐயப்ப நாயக்கரின் கணக்கு வேறு. அவருடைய கடற்கரையின் இரு முனைகளிலும் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தெற்கே சாந்தோமில் போர்ச்சுக்கீசியர்கள், 16-ம் நூற்றாண்டில் இருந்தே. வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள், 1613 முதல் கெல்டிரியா கோட்டையில். இந்த இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. அவர்கள் சண்டை போட்டால் இடையில் சேதமாவது நாயக்கரின் கிராமங்களும் வியாபாரமும்.

இதைத் தீர்க்க என்ன செய்யலாம்? இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைப்பது!

நான் ஊகித்துச் சொல்லவில்லை. தாமர்ல குடும்பத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. இன்னொரு சகோதரரான அங்க பூபாலர் கவிஞர். தெலுங்கில் 'உஷா பரிணயம்' என்ற காவியம் எழுதி, தந்தை சென்னப்ப நாயக்கருக்குக் காணிக்கையாக்கினார். பழவேற்காட்டுக்கும் மயிலாப்பூருக்கும் இடையே மோதல் வராமலிருக்க, நடுவே தந்தையின் பெயரில் சென்னப்பட்டினத்தை அமைத்தவர் ஐயப்பர் என்ற செய்தி அதில் வருகிறது. 'சென்னை' என்ற பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் இதுவும் ஒன்று. சென்னகேசவப் பெருமாளைச் சொல்பவர்களும் உண்டு. எது சரியென்று ஆய்வாளர்கள் பேசிக்கொண்டே இருக்கட்டும். நம் கதைக்கு ஐயப்பரின் எண்ணம்தான் முக்கியம்.

ஆங்கிலேயர்களுக்கும் அப்போது இடம் தேவைப்பட்டது. வடக்கே ஆர்மகான் என்று அவர்கள் அழைத்த துர்க்கராயப்பட்டினத்தில் இருந்த அவர்களுடைய கிடங்கு தேய்ந்துகொண்டிருந்தது. வர்ணத் துணிகளும் நல்ல விலையும் கிடைக்கும் புது இடத்தைத் தேடிக்கொண்டு 1639 ஜூலையில் வந்தார் டே. ஆள் தேடியவருக்கு ஆள் கிடைத்தது. இடம் தேடியவருக்கு இடம் கிடைத்தது.

நாயக்கரின் நாலு ஆசைகள்

மசூலிப்பட்டினத்தில் கம்பெனியின் தலைவராக இருந்தவர் ஆண்ட்ரூ கோகன். 'நாயக்கர் நம்மை ஏன் இவ்வளவு ஆசையாக அழைக்கிறார்?' என்பதை அவர் அதே ஆண்டு ஒரு கடிதத்தில் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். அதன் சாரம் இதுதான்.

முதலாவது, தன் சீமைக்கு வியாபாரம் வர வேண்டும், செழிக்க வேண்டும். நியாயமான ஆசை.

இரண்டாவது, தன் காசுக்குப் பாரசீகத்தில் இருந்து நல்ல குதிரைகள் வேண்டும். இதுவும் புரிகிறது. அந்தக் காலத்தில் நல்ல குதிரை இல்லாத படை, டயர் இல்லாத வண்டி மாதிரி. நம் நாட்டில் உயர்ந்த போர்க்குதிரைகள் கடல் வழியாகத்தான் வந்தன. கப்பல் வைத்திருப்பவர் நண்பராக இருந்தால்தான் குதிரை.

மூன்றாவதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு முறை கம்பெனிக் கப்பலில் தன் ஆள் ஒருவரை வங்காளத்துக்கு அனுப்பி, வல்லூறு, குரங்கு, கிளி என்று வாங்கிவர வேண்டும்! பெரிய அரசியல் ஒப்பந்தத்துக்கு நடுவே ஒரு மனிதரின் சின்னச் சின்ன ஆசைகள். வரலாற்றுப் புத்தகத்தில் வெறும் பெயராக இருந்த ஐயப்ப நாயக்கர், அந்த இடத்தில்தான் எனக்கு ஆளாகத் தெரிந்தார். அன்றைக்குப் பூந்தமல்லி அரண்மனைக்கு வந்திருக்கக்கூடிய அந்த வங்காளத்துக் கிளிகளை நினைத்துப் பாருங்கள்!

நாலாவதுதான் முக்கியம். கட்டப்படும் கோட்டை பலமாக இருந்தால், அடாவடி செய்யும் அக்கம்பக்கத்தாரிடம் இருந்து ஆபத்து வரும்போது அது தன்னைக் காப்பாற்றும்.

ஒரு சீமையை ஆள்பவர், அந்நியர் கட்டப்போகும் கோட்டையில் தனக்கு அடைக்கலம் தேடுகிறார் என்றால், அவருடைய நாற்காலி எவ்வளவு ஆட்டம் கண்டிருக்க வேண்டும்?

2,500 ஆண்டுகளுக்கு முன்பும் இதே நாற்காலி

நாயக்கர் ராஜா இல்லை. ராஜாவின் பெயரில் ஆள்பவர். மேலே விஜயநகரப் பேரரசு. 1565 தலைக்கோட்டைப் போரில் அடிவாங்கிய பிறகு அந்தப் பேரரசு பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தெற்கே நகர்ந்து, சுருங்கிக்கொண்டே வந்தது. 1639-ல் அரசராக இருந்தவர் மூன்றாம் வேங்கடர். வடக்கே கோல்கொண்டா சுல்தானின் படை எப்போது வருமோ என்ற பயம். தெற்கே மற்ற நாயக்கர்களோடு ஓயாத உரசல்.

பெரிய சக்கரவர்த்திக்குக் கீழே ஒரு சின்ன ஊரை ஆள்வது என்றால் என்ன என்று விளக்க, உலக வரலாற்றில் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஹெரடோட்டஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் சொன்னது.

இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் மிலேட்டஸ் என்ற கிரேக்க ஊர் இருந்தது. பாரசீகப் பேரரசர் டேரியஸின் ஆட்சிக்கு உட்பட்டது. அந்த ஊரை அவருக்குக் கீழே ஆண்டவர் ஹிஸ்டியாயஸ். பாரசீகர்கள் இப்படிக் கரையோரக் கிரேக்க ஊர்களில் உள்ளூர்க்காரர் ஒருவரையே உட்கார வைத்து, வரியும் படையும் வாங்கிக்கொள்வார்கள்.

கி.மு. 513 வாக்கில் டேரியஸ் டான்யூப் ஆற்றைத் தாண்டிப் படையெடுத்துப் போனார். ஆற்றின் மேல் படகுகளால் ஒரு பாலம். அதைக் காவல் காத்தவர்கள் இந்தக் கிரேக்க ஊர்களின் ஆட்சியாளர்கள். 'பாலத்தை உடைத்துவிட்டால் டேரியஸ் திரும்பி வர முடியாது. நம் ஊர்களுக்கு விடுதலை' என்று ஒருவர் யோசனை சொன்னார். ஹிஸ்டியாயஸ் மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணம் ரொம்ப நேர்மையானது. டேரியஸ் இருப்பதால்தான் நாம் ஒவ்வொருவரும் நம் ஊரில் ஆட்சியில் இருக்கிறோம். அவர் விழுந்தால் நம் ஊர் மக்களே நம்மை இறக்கிவிடுவார்கள்!

பாலம் தப்பியது. டேரியஸ் மகிழ்ந்து பரிசாக நிலம் கொடுத்தார். பிறகு அதே ஹிஸ்டியாயஸ் மேல் சந்தேகம் வந்தது. 'என் பக்கத்திலேயே இரு' என்று அன்பாகச் சொல்லித் தலைநகர் சூசாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டார். பார்த்தால் கௌரவம். உண்மையில் வீட்டுக்காவல். அங்கிருந்து தப்பிக்க, ஓர் அடிமையின் தலையை மழித்து அதில் செய்தியைப் பச்சை குத்தி, முடி வளர்ந்ததும் மருமகனுக்கு அனுப்பினார் என்பது ஹெரடோட்டஸ் சொல்லும் புகழ்பெற்ற கதை. கி.மு. 499-ல் மிலேட்டஸ் கலகத்தில் இறங்கியது. கி.மு. 494-ல் பாரசீகர்கள் ஊரையே அழித்தார்கள். ஹிஸ்டியாயஸும் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

பேரரசரோடு சேர்ந்து நின்றாலும் சந்தேகம், விலகி நின்றாலும் ஆபத்து. இதுதான் அந்த நாற்காலி. இதை மனதில் வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குத் திரும்புவோம்.

பத்திரத்தில் இருந்ததும், பணம் வராததும்

நாயக்கர் கொடுத்த ஆவணத்தில் என்ன இருந்தது? இன்று நாம் படிப்பது அதன் ஆங்கிலப் பிரதியைத்தான். கோட்டை கட்டிக்கொள்ளலாம். கோட்டையில் குடியேறியதில் இருந்து 2 ஆண்டுகளுக்கு மதராசப்பட்டினத்தின் நிர்வாகம் கம்பெனிக்கு. அதன் பிறகு துறைமுக வருமானத்தில் ஆளுக்குப் பாதி. நாணயம் அடிக்கும் உரிமையும் உண்டு.

பாருங்கள், நாயக்கர் ஒட்டுமொத்தமாக எழுதிக்கொடுத்துவிடவில்லை. 'முதல் இரண்டு வருஷம் நீ பார்த்துக்கொள், அப்புறம் ஆளுக்குப் பாதி' என்பது வியாபாரம் தெரிந்தவர் போடும் கணக்குதான்.

1640 பிப்ரவரியில் டேயும் கோகனும் ஆட்களோடு வந்து இறங்கினார்கள். உடனே முதல் பிரச்னை. கோட்டை கட்டும் செலவை நாயக்கர் முதலில் போடுவார், பிறகு நாம் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று ஆங்கிலேயர்கள் நினைத்திருந்தார்கள். பணம் வரவில்லை. தான் அப்படி வாக்குக் கொடுக்கவே இல்லை என்பது நாயக்கர் தரப்பு. ஒரே பேச்சு, இரண்டு காதுகளில் இரண்டு விதமாக விழுந்திருக்கிறது. கடைசியில் கம்பெனிதான் கடன் வாங்கிக் கட்டியது. லண்டனில் இருந்த முதலாளிகள் அந்தச் செலவுக்கணக்கைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

இந்தக் கதையை ஆயாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எழுதறப்போ ரெண்டு பேரும் ஒக்காந்து படிச்சுப் பாக்கலையா? நம்ம மாடி வீட்டுக்கு ஆள் வெக்கறப்போ தண்ணி வரி யாரு, கரன்ட் பில்லு யாருன்னு நாம கேட்டு எழுதல?" என்றார். ஆயா சொன்னதில் தப்பே இல்லை.

சாய்ந்த நாற்காலி

1642-ல் மூன்றாம் வேங்கடர் இறந்தார். அடுத்து வந்தவர் மூன்றாம் ஸ்ரீரங்கர். மேலே ஆள் மாறினால் கீழே நாற்காலி ஆடும் இல்லையா? ஆடியது. வேங்கடப்ப நாயக்கர் கோல்கொண்டாவோடு ரகசியமாகப் பேசுகிறார் என்ற சந்தேகத்தில் புது அரசர் அவரைப் பிடித்து அடைத்தார். டேரியஸுக்கு ஹிஸ்டியாயஸ் மேல் வந்த அதே சந்தேகம்! தாமர்ல குடும்பத்தின் அதிகாரம் சரிந்தது. கடற்கரைப் பகுதி, பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்கு வேண்டிய பெரிய வணிகர் ஒருவரின் கைக்குப் போனது.

அப்படியானால் நாயக்கரின் நாலாவது ஆசை என்ன ஆனது? ஆபத்தில் காப்பாற்றும் என்று நம்பிய கோட்டை என்ன செய்தது?

1645-ல் கம்பெனி நேரே ஸ்ரீரங்கரிடம் போய், தன் இடத்துக்குப் புதிய சாசனம் வாங்கிக்கொண்டது. இடம் கொடுத்தவரைக் கவிழ்த்த அதே அரசரிடம்!

கதை அதோடு நிற்கவில்லை. 1646-47-ல் கோல்கொண்டா படை இந்தப் பகுதி முழுவதையும் பிடித்தது. பூந்தமல்லியும் போனது. படையை நடத்திவந்தவர் மீர் ஜும்லா. பாரசீகத்தில் இஸ்பஹான் பக்கம் பிறந்தவர். இளைஞராகப் பிழைப்புத் தேடிக் கோல்கொண்டா வந்து, வைர வியாபாரத்தில் உயர்ந்து, அமைச்சரானவர். குதிரை வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்துதான் அவர் இந்தியாவுக்கே வந்தார் என்று சொல்வதுண்டு. பாரசீகக் குதிரை கேட்ட நாயக்கரின் சீமைக்குக் கடைசியில் பாரசீகத்தில் இருந்து வந்தது ஒரு தளபதி!

கம்பெனி என்ன செய்தது? 1647-ல் மீர் ஜும்லாவிடமும் போய்ப் பழைய உரிமைகளை உறுதிசெய்துகொண்டது. 10 ஆண்டுகளுக்குள் மூன்று உரிமையாளர்கள். வீட்டுக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். குடிவந்தவர் மட்டும் காலி செய்யவே இல்லை.

அதற்குப் பிறகும் பூந்தமல்லி சும்மா இருந்துவிடவில்லை. கோல்கொண்டா காலத்தில் இங்கே அதிகாரியாக உட்கார்ந்தவர்கள், கோபம் வந்தால் கோட்டைக்குப் போகும் தானியத்தையும் விறகையும் மறித்துவிடுவார்கள். 1680-களின் தொடக்கத்தில் லிங்கப்பா என்ற பூந்தமல்லி அதிகாரி அப்படிச் செய்தபோது, கோட்டைக்காரர்கள் திண்டாடிப் போனார்கள். மேற்கே இருந்து சாமான் வராவிட்டால் பட்டணத்தில் அடுப்பு எரியாது என்ற நிலை. இன்றைக்கும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு நாள் லாரி ஓடாவிட்டால் கோயம்பேட்டில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

காட்டிக்கொடுத்தவரா?

இதையெல்லாம் கேட்ட என் சித்தப்பா மகன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன், ஒரே வரியில் தீர்ப்பு சொன்னான். "இடம் கொடுத்தா மடம் பிடுங்குவான்னு சொல்வாங்களே, அதான்க்கா இது. கிளிக்கும் குரங்குக்கும் ஆசைப்பட்டு நாட்டையே குடுத்துட்டாரு."

முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தத் தீர்ப்பை நாம் 1639-ல் நின்று சொல்லவில்லை. பின்னால் நடந்த 300 ஆண்டுகளும் தெரிந்த பிறகு சொல்கிறோம். 1639-ல் ஆங்கிலேயர்கள் யார்? ஒரு கிடங்கு நொடிந்துபோய் இடம் தேடி அலைந்த வியாபாரிகள். அந்தக் கடற்கரையில் இருந்த மூன்று வெளிநாட்டுக்காரர்களில் அன்றைக்குப் பலம் குறைந்தவர்கள். 1640-ல் அவர்களோடு வந்த சிப்பாய்கள் சில டஜன் பேர்கூட இல்லை. பலசாலிகள் இரண்டு பேருக்கு நடுவே பலம் குறைந்த ஒருவரை உட்கார வைப்பது, அன்றைய கணக்குப்படி புத்திசாலித்தனம்.

அவர் தவறு செய்யவில்லை என்று சொல்லவில்லை. எனக்குப் புரிந்த வரையில், அவருடைய தவறு இடம் கொடுத்ததில் இல்லை. கோட்டைக்கு யார் பணம் போடுவது என்பதைக்கூடத் தெளிவாகப் பேசி முடிக்காத ஓர் உறவின் மேல், தன் உயிருக்கான பாதுகாப்பையே வைத்தாரே, அதில் இருக்கிறது. கம்பெனியோ யாரை நம்பியும் வரவில்லை. அது பத்திரத்தை நம்பி வந்தது. ஒவ்வொரு முறை மேலே ஆள் மாறியபோதும் ஓடிப்போய்ப் புதிய பத்திரம் வாங்கிக்கொண்டது. நாயக்கர் மனிதர்களை நம்பினார். மேலே இருந்த அரசரையும், பக்கத்தில் வந்து உட்கார்ந்த வியாபாரியையும். இரண்டு பேரும் கைகொடுக்கவில்லை.

டான்யூப் பாலத்தில் நின்ற ஹிஸ்டியாயஸுக்காவது தன் நாற்காலி எதன் மேல் நிற்கிறது என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அவரால் தப்பிக்க முடியவில்லை. ஐயப்ப நாயக்கரை மட்டும் ஏமாளி என்று சிரித்துவிட்டுப் போவது அவ்வளவு நியாயமாகப் படவில்லை.

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போ அவரு பண்ண வேலையில கடைசியா எதுவுமே மிஞ்சலையாக்கா?" என்று கேட்டான்.

மிஞ்சியது. அரசர் போனார், சுல்தான் போனார், கம்பெனியும் போனது. இரண்டு முனைகளில் சண்டை போட்டுக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவே ஓர் ஊர் வேண்டும் என்று அவர் நினைத்தார் இல்லையா? அந்த ஊர் இருக்கிறது. அப்பாவின் பெயரால் அவர்கள் குடும்பம் அழைத்த அந்தச் சென்னப்பட்டினத்தின் பெயர்தான், 1996-ல் 'மெட்ராஸ்' போய் 'சென்னை' என்று அதிகாரபூர்வமாக வந்தது.

54-ல் ஒரு பயணம்

போன வாரம் பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் நின்றேன். மேலே மெட்ரோ தூண்கள், கீழே பூக்கூடைகள், ஷேர் ஆட்டோக்களின் சத்தம். திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் என்று வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வழி சொன்னார்கள். கோல்கொண்டா காலத்து மசூதிக்கும் வழி சொன்னார்கள். "ஐயப்ப நாயக்கர் இருந்த இடம்?" என்று பூக்கடைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "ஐயப்பன் கோயிலாம்மா? அது அந்தப் பக்கம் போகணும்" என்று கையைக் காட்டினார்.

பிராட்வே போகும் 54 வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பூந்தமல்லியில் இருந்து கோட்டைப் பக்கம் சுமார் 25 கிலோமீட்டர். ஃபிரான்சிஸ் டேயின் ஆட்களும் நாயக்கரின் ஆட்களும் 1639-ல் இந்தத் திசையில்தான் போய்வந்துகொண்டிருந்திருப்பார்கள். அன்றைக்குப் பட்டணம் இல்லை. பூந்தமல்லிதான் ஊர். அந்த முனையில் மணல் மட்டும்.

இரவு வீட்டுக்கு வந்ததும் ஆயா வழக்கம்போலக் கேட்டார். "பட்டணத்துலேர்ந்து இப்பத்தான் வர்றியா?"

"ஆமா ஆயா. நாம கொடுத்த பட்டணந்தான்" என்றேன்.

"வாடகை ஒழுங்கா தராங்களா?" என்று கேட்டுவிட்டு, சாப்பாடு எடுத்து வைக்கப் போனார்.

(அடுத்த வாரம் வேறொரு ஏரியாவில் சந்திப்போம்!)